காலாண்டு முடிவில் முதலில் சரக்கு இருப்பைப் பாருங்கள்

உற்பத்தி நிறுவனத்தின் காலாண்டு முடிவு வந்ததும் எல்லோர் கண்ணும் நிகர லாபத்துக்குத்தான் போகும். நான் முதலில் தேடுவது சரக்கு இருப்பு மாற்றம் என்ற வரியை.

ஆலை வாடகை, இயந்திரத் தேய்மானம் போன்ற நிலையான உற்பத்திச் செலவுகளைத் தயாரித்த பொருள்களின் மீது பங்கு போட்டு ஏற்றுவார்கள். அந்தச் செலவு 1,000, தயாரித்தது 100 பொருள், விற்றது 60 என்று வைத்துக்கொள்வோம். இந்தக் காலாண்டின் செலவாக 600தான் கணக்கில் வரும். மீதி 400 கிடங்கில் உள்ள சரக்கின் மதிப்போடு சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும். 60 மட்டும் தயாரித்திருந்தால் 1,000 முழுவதும் லாபத்தில் கழிந்திருக்கும். விற்பனை அதேதான், லாபம் மட்டும் வேறு!

அதனால் விற்பனை தேங்கி, இருப்பு மட்டும் ஏறியிருந்தால் உஷாராகுங்கள். அடுத்த சீசனுக்காகச் சேர்த்து வைப்பதும் உண்டு, எனவே நிர்வாகத்தின் விளக்கத்தையும் படித்துவிடுங்கள்.

அப்புறம், சீசன் தொழில் என்றால் போன வருடத்தின் அதே காலாண்டோடு ஒப்பிடுவதே சரி. நிலம் விற்ற லாபம், வட்டி போன்ற இதர வருமானத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.