கடித்த நாயின் உரிமையாளர் செய்யக்கூடாத தவறுகள்

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் கீரை விற்க வரும் அம்மா ஒருவரின் கெண்டைக்காலில், ஒரு வீட்டின் கேட் திறந்த நொடியில் பாய்ந்து வந்த வளர்ப்பு நாய் கடித்துவிட்டது. வீட்டுக்காரர் ஓடிவந்து நாயைப் பிடித்துக்கொண்டு, "ஊசி போட்ட நாய்தாம்மா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, காயத்தில் காபித்தூளை அப்பி, கையில் 500 ரூபாயைக் கொடுத்து அனுப்பினார். மாலையில் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தபோது, அடுத்த ஊசி போட வேண்டிய நாள் கடந்து 4 மாதம் ஆகியிருந்தது. அந்த மனிதர் கெட்டவர் அல்லர். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் அவர் செய்த அனைத்தும் தவறு.

முதல் தவறு காயத்தில் எதையாவது அப்புவது. காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி என்று வீட்டுக்கு வீடு ஒரு வழக்கம் இருக்கிறது. வெறிநாய்க்கடிக் கிருமி உமிழ்நீர் வழியாகக் காயத்துக்குள் இறங்கி நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கி நகர்வது. அது நரம்பை அடையும் முன் கழுவி வெளியேற்றுவதுதான் நம் கையில் இருக்கும் முதல் சிகிச்சை. எனவே குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் நீரில் சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து முழுமையாக 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிபட்டவர் பதற்றத்தில் இருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து கழுவிவிடுவது நாயின் உரிமையாளருடைய வேலை.

"ஊசி போட்ட நாய்" என்ற சொல்லை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பது இன்னும் பெரிய தவறு. நாய்க்கு ஊசி போட்டிருப்பது மட்டுமே கடிபட்டவருக்குப் பாதுகாப்பு ஆகிவிடாது. கடிபட்டவருக்குத் தடுப்பூசி வேண்டுமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். டெட்டனஸ் நோய்க்கான டி.டி. ஊசி போட்டதும் வேலை முடிந்தது என்று திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. அது வெறிநாய்க்கடியைத் தடுக்காது. தோலைத் துளைத்து இரத்தம் வந்த கடியென்றால், தடுப்பூசியுடன், கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் காயத்தின் உள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். இம்மருந்து எல்லா இடங்களிலும் இருப்பில் இராது என்பதால், விசாரித்து, இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு உரிமையாளரே வண்டி வைத்து அழைத்துச் செல்வதுதான் முறை. முதல் நாளில் போட முடியாமல் போனால், முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாட்களுக்குள்ளாவது போட்டுவிட வேண்டும்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் பெரியவர்களிடம் இன்னும் போகவில்லை. அந்தப் பழைய மருந்து வழக்கொழிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கையில்தான் போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி போடும் நாளை 0 என்று கொண்டு, 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போனால் போதும். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் பலர். அன்றாடக் கூலியை இழந்து நான்கு முறை மருத்துவமனைக்கு வர முடியாதவருக்கு, அந்தந்த நாளின் கூலியையும் சேர்த்துக் கொடுப்பதே உண்மையான பொறுப்பு. 500 ரூபாயை நீட்டுவது அன்று.

அடுத்தது, வெட்கத்தாலோ கோபத்தாலோ நாயை அப்புறப்படுத்துவது. அடித்துக் கொல்கிறார்கள், ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள், உறவினரின் தோட்டத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். இதன் விளைவு கடிபட்டவரின் தலையில்தான் விழுகிறது. கடித்த நேரத்தில் நாயின் உமிழ்நீரில் கிருமி இருந்திருந்தால், அது 10 நாட்களுக்குள் நோயின் அறிகுறிகளைக் காட்டி இறந்துவிடும். ஆகவே அந்த 10 நாட்களும் நாயைக் கட்டுக்காவலில் வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டி, நடத்தையில் மாற்றம், தண்ணீர் விழுங்க முடியாமை, தாடை தொங்குதல் தென்படுகிறதா என்று பார்த்துவர வேண்டும். இதன் முடிவுக்காகக் காத்திருந்து கடிபட்டவர் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டும் ஒரே நாளில் தொடங்க வேண்டியவை. நாயைத் தெருவில் விடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

சட்டம் நம்மை என்ன செய்யும் என்ற அலட்சியமும் தவறுதான். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியபோது, உரிமையாளர் கைது செய்யப்பட்டார். தன் பொறுப்பில் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து நேராதபடி போதிய காவல் செய்யத் தவறினால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. முன்பே ஒருமுறை பாய்ந்த நாயென்று தெருவே அறிந்திருக்கும்போது, "எனக்குத் தெரியாது" என்று சொல்ல இடமில்லை.

கடிக்கு முன்பே நடந்த தவறுகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். உறுமும் நாயை அடித்து உறுமலை நிறுத்துவது அவற்றுள் மிகக் கேடானது. உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும். உறுமலுக்கும் முன்பே நாய் பலவற்றைச் சொல்கிறது: உடல் விறைத்து அசைவற்று நிற்கும், உதட்டை அடிக்கடி நக்கும், தலையைத் திருப்பாமல் கடைக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்க்கும். வாலை ஆட்டுகிறதே என்று ஏமாறக் கூடாது. உயர்த்திப் பிடித்து விறைப்பாக ஆட்டும் வால் நட்புக்கு அடையாளம் அன்று. நாள் முழுதும் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போட்டால் காவல் நன்றாக இருக்கும் என்று நம்புகிறார்கள். விலக வழியில்லாத நாய், அருகில் வருகிறவரைக் கடிப்பதைத் தவிர வேறு வழி அறியாது.

கீரைக்கார அம்மாவை அன்று மாலையே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். நாய் பத்தாம் நாளும் நன்றாகவே இருந்தது. அந்த வீட்டுக்காரர் இப்போது கேட்டுக்கு உள்ளே இரண்டாவதாக ஒரு தடுப்புக் கதவு போட்டிருக்கிறார். நாயை வெளியே கொண்டுவரும்போது மூச்சுவிடவும் தண்ணீர் குடிக்கவும் இடம் உள்ள கூடை போன்ற வாய்மூடியை மாட்டுகிறார். அந்த அம்மா மட்டும் இன்னும் எதிர்ச்சாரியில்தான் நடந்து போகிறார்.