ரைசன் 5 3600 ஓவர்கிளாக்: முதலில் சூடு, அப்புறம் வேகம்

ப்ராசசரை அதன் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடவைப்பதுதான் ஓவர்கிளாக். பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் அமைப்புத் திரையில், இரண்டு எண்களை மாற்றினால் அது முடிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. அந்த எண்களால் கூடும் சூட்டை அடக்கி வைப்பதற்குத்தான் ஒரு நாள் முழுக்கத் தேவைப்படும். அதனால் இந்தப் பதிவில் வேகத்தைவிடச் சூட்டைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

ஏஎம்டியின் ரைசன் 5 3600 ப்ராசசரை வைத்தே சொல்கிறேன். 2019-ல் வந்த இந்தச் சிப் இன்றும் நிறையப் பேரிடம் ஓடுகிறது. 6 கோர், 12 த்ரெட். அடிப்படை வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ், தானாகவே ஏறும் உச்ச வேகமான பூஸ்ட் 4.2. மதர்போர்டு பி450, எக்ஸ்470, பி550, எக்ஸ்570 போல ஓவர்கிளாக்கை அனுமதிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏ320, ஏ520 போர்டுகளில் செய்ய முடியாது. இன்னொன்று, ஓவர்கிளாக் செய்ததால் சிப் கெட்டால் ஏஎம்டி வாரண்டி தராது. இதற்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

சூடு எப்படிக் கூடுகிறது

ப்ராசசர் எரிக்கும் மின்சாரம் வேகம் கூடும் அளவுக்கே கூடும். ஆனால் வோல்டேஜைக் கூட்டினால் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வேகத்தை 4.0-லிருந்து 4.2-க்கு ஏற்றினால் 5 சதவீதம்தான் கூடுதல். அதற்காக வோல்டேஜை 1.20-லிருந்து 1.32-க்கு ஏற்றினால், அந்த 10 சதவீதமே 21 சதவீதமாகிவிடும். இரண்டையும் பெருக்கினால் சுமார் 27 சதவீதம் கூடுதல் சூடு. கிடைத்த வேகமோ வெறும் 5 சதவீதம். அதனால் வோல்டேஜைத் தொடும்போது மட்டும் கஞ்சத்தனமாக இருங்கள்.

இப்போது எவ்வளவு சுடுகிறது?

எதையும் மாற்றுவதற்கு முன், வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO), ப்ராசசருக்கு முழு வேலை கொடுத்து மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்23 (Cinebench R23) இரண்டையும் நிறுவிக்கொள்ளுங்கள். சினிபெஞ்சில் பத்து நிமிட மல்டி கோர் சோதனையை ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோவில் 'டிசிடிஎல்/டிடை' (Tctl/Tdie) என்ற வரியைப் பாருங்கள். அதுதான் ப்ராசசரின் வெப்பநிலை. முதல் ஒரு நிமிடத்தில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள்; கூலரின் உலோகப் பகுதியான ஹீட்சிங்க் முழுக்கச் சூடேறச் சில நிமிடம் பிடிக்கும். கடைசியில் எங்கே நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சினிபெஞ்ச் மதிப்பெண்ணையும், அறையின் வெப்பநிலையையும் சேர்த்து எழுதுங்கள். அறை 10 டிகிரி கூடினால் ப்ராசசரும் ஏறத்தாழ அவ்வளவு கூடும். 22 டிகிரி ஏசி அறையில் ஒருவர் எடுத்த அளவு, 35 டிகிரியில் மின்விசிறி மட்டும் சுழலும் அறைக்கு உதவாது.

இந்தச் சிப்பின் உச்ச வரம்பு 95 டிகிரி. அதை நெருங்கினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான் வைத்துக்கொள்ளும் வரம்பு 85. எதையும் மாற்றாத நிலையிலேயே 80-ஐத் தாண்டுகிறது என்றால் ஓவர்கிளாக்கை இப்போதைக்கு மறந்துவிட்டு, முதலில் கூலரைக் கவனியுங்கள்.

கூலர்

பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் சாதாரண ஓட்டத்துக்குத்தான் சரிப்படும். 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த டவர் கூலர் ஒன்று வாங்கிவிடுங்கள். பழைய கூலரைக் கழற்றும்போது மிகவும் கவனம். இந்த வகை ரைசனில் பின்கள் சிப்பின் அடியில்தான் இருக்கின்றன. சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேஸ்ட் இறுகிப்போயிருந்தால், கூலரை நேராக மேலே இழுக்கும்போது சிப்பும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். எனக்கே ஒருமுறை அப்படி வந்து, நான்கு பின்கள் வளைந்து, பொறுமையாக நிமிர்த்த அரை நாள் ஆனது. கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்துச் சூடாக்குங்கள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூக்களைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிவிட்டுத் தூக்குங்கள்.

பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, புதியதை நடுவில் ஒரு பட்டாணி அளவு வையுங்கள். தடவ வேண்டாம், கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். கேபினெட்டில் முன்னால் காற்று உள்ளே வரும் ஃபேன், பின்னால் வெளியேற்றும் ஃபேன் இரண்டும் சுழல்கின்றனவா என்றும் பாருங்கள்.

பயாஸில்

கம்ப்யூட்டர் தொடங்கும்போதே டெலீட் பொத்தானைத் தட்டி உள்ளே போங்கள். சிபியு ரேஷியோ 40 என்று வையுங்கள்; 100 மெகாஹெர்ட்ஸோடு பெருக்கினால் 4.0 கிகாஹெர்ட்ஸ். சிபியு வோல்டேஜை ஆட்டோவிலிருந்து மாற்றி 1.20 என்று நிலையாக வையுங்கள். ரேம் அமைப்பை இப்போது தொட வேண்டாம். அதையும் சேர்த்து மாற்றினால், எதனால் நின்றுபோனது என்றே தெரியாது.

வோல்டேஜை ஆட்டோவில் விட்டால் என்ன? வேகத்தைக் கூட்டும்போது போர்டு தேவைக்கு மேல் அள்ளிக்கொடுக்கும். இன்னொரு குழப்பமும் உண்டு. சாதாரண நிலையில் இந்தச் சிப் தானாகவே 1.4 வோல்ட்டைத் தாண்டுவதைப் பார்த்து, 'அப்போ நானும் 1.4 வைக்கலாமே' என்று நினைப்பவர்கள் உண்டு. வைக்காதீர்கள். சிப் அதைத் தொடுவது ஓரிரு கோர்கள் லேசாக வேலை செய்யும்போது, சில நொடிகளுக்கு. ஆறு கோரும் முழு வேகத்தில் ஓடும்போது அதே வோல்டேஜை நிலையாகக் கொடுத்தால் சிப்பின் ஆயுள் தேய்ந்துவிடும். என் கணக்கில் மேல் எல்லை 1.30.

சேமித்து வெளியே வந்து மறுபடி சினிபெஞ்ச் பத்து நிமிடம். 85-க்குள் இருந்து, நடுவில் நிற்காமல் ஓடினால் ரேஷியோவை 40.5 ஆக்குங்கள். அப்புறம் 41. ஒவ்வொரு படிக்கும் சோதனை. எங்காவது நீலத்திரை வந்தால் வோல்டேஜை 0.0125 மட்டும் கூட்டி அதே வேகத்தைத் திரும்பச் சோதியுங்கள். 1.30-ஐயோ 85 டிகிரியையோ எது முதலில் தொடுகிறதோ, அங்கே நிறுத்தி ஒரு படி கீழே இறங்குங்கள். ஒரே கடையில் வாங்கிய இரண்டு சிப்கள்கூட ஒரே இடத்தில் நிற்காது. நண்பருடையது 42-ஐத் தொட்டு, உங்களுடையது 41.25-ல் நின்றால் அதில் தவறு எதுவும் இல்லை.

கருப்புத் திரையிலேயே நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும்.

கடைசிச் சோதனை

பிரைம்95 (Prime95) என்ற சோதனை மென்பொருளில் 'ஸ்மால் எஃப்எஃப்டி' (Small FFTs) சோதனையை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். இது சினிபெஞ்சைவிட அதிகமாகச் சூடாக்கும். 90-ஐத் தொட்டால் உடனே நிறுத்திவிட்டு வோல்டேஜைக் குறைத்துப் பாருங்கள். முடிந்ததும் விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் (Event Viewer) 'வியா லாகர்' (WHEA-Logger) என்ற பெயரில் பிழை ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். கம்ப்யூட்டர் நின்றுபோகாமல், இந்தப் பிழை மட்டும் வந்திருந்தாலும் அந்த வேகம் நிலையானது இல்லை. ரேஷியோவை 0.25 குறைத்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் பயாஸில் இதை ஒரு ப்ரொஃபைலாகச் சேமியுங்கள். டிசம்பரில் இதைச் செய்திருந்தால், மே மாதத்தில் ஒரு மதிய வேளையில் அதே பத்து நிமிட சினிபெஞ்சை மறுபடி ஓட்டிப் பாருங்கள். 85-ஐத் தாண்டினால் ஹீட்சிங்கில் தூசி தட்டுங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் கோடை முடியும்வரை ரேஷியோ 40 போதும்.