ஒத்தெல்லோவைக் கூத்துத் திடலில் மேடையேற்ற முனைவோருக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரு கல்லூரி நாடகக் குழுவோ ஊர் இளைஞர்களோ ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவைத் தமிழில் நடிக்க முனையும்போது, வெனிஸும் சைப்ரஸும் நம் மக்களுக்குப் புரியுமா என்றுதான் முதலில் தயங்குகிறார்கள். வெனிஸ் படையின் தளபதியான அயலார் ஒத்தெல்லோ, தம் கீழ் அதிகாரி இயாகோவின் சூதில் சிக்கி, மனைவி டெஸ்டிமோனாமீது சந்தேகம் கொண்டு அவளைக் கொல்வதுதான் கதை. திரௌபதி அம்மன் கோயில் திடலில் பதினெட்டு நாள் பாரதம் கேட்டு, சகுனி பகடை உருட்டுவதையும் துரியோதனன் பொறாமையில் வேகுவதையும் விடிய விடியப் பார்த்துப் பழகிய கூட்டத்துக்கு இந்தக் கதை ஒரு சுமையே அல்ல. கடினம் வேறிடத்தில் இருக்கிறது. சகுனி எப்படிப்பட்டவன் என்பது அத்தினாபுரத்துச் சபையில் பலருக்கும் தெரியும். இயாகோவையோ நாடகம் முழுவதும் எல்லாரும் ‘நேர்மையானவன்’ என்றே அழைக்கிறார்கள், திடலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டுமே அவன் யாரென்று தெரியும்.

ஆகவே இயாகோவுக்குக் கட்டியங்காரனின் இடத்தைக் கொடுங்கள். நம் கூத்தில் கூட்டத்தோடு நேராகப் பேசவும், அரசனையே கேலி செய்யவும், கதையை முன்னோக்கித் தள்ளவும் உரிமை உடையவன் கட்டியங்காரன் ஒருவனே. இயாகோவின் தனிமொழிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. முதல் அரை மணி நேரம் அவன் சிரிக்க வைக்கட்டும், டெஸ்டிமோனாமீது ஆசைகொண்ட ரோடரிகோவிடம் பணத்தைக் கறக்கும் இடத்தில் கூட்டம் கைதட்டட்டும். தாங்கள் யாருடன் சேர்ந்து சிரித்தோம் என்பது பின்னால் தெரியவரும்போது உண்டாகும் கூச்சத்தை எந்த வில்லன் சிரிப்பாலும் உண்டாக்க முடியாது. இவ்வேடத்துக்கு நரைத்த தாடி வேண்டாம். தனக்கு இருபத்தெட்டு வயது என்று அவனே சொல்லுகிறான். தான் எதிர்பார்த்த பதவி உயர்வு சக வீரன் காசியோவுக்குப் போனது, மனைவி எமிலியாமீது சந்தேகம், காசியோவின் அழகு தன்னை அழகற்றவனாக்குகிறது என்ற புகைச்சல் என அவன் சொல்லும் காரணங்கள் மாறிக்கொண்டே இருப்பதால், இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடிப்பது தவறு. ஒவ்வொன்றையும் சொல்லும் நேரத்தில் மட்டும் அதை நம்பி நடித்தால் போதும்.

முதல் காட்சியில் ஒத்தெல்லோவின் பெயரை ஒருவரும் உச்சரிப்பதில்லை. வட ஆப்பிரிக்கரைக் குறிக்கும் ‘மூர்’ என்ற இனப்பெயரும் வசைகளுமே காதில் விழுகின்றன. கூத்தின் கைத்திரை இதற்கென்றே அமைந்தது போன்றது. இருவர் திரையைப் பிடித்து நிற்க, அதன் கீழே ஒத்தெல்லோவின் கால்களும் சலங்கையும் மட்டும் தெரியும்படி காட்சி முழுவதும் அவரை அங்கேயே நிறுத்தி, முன்னால் இயாகோ அவரைப் பற்றிக் கொச்சையாகப் பேசட்டும். பிறகு திரை விலகி, அமைதியான, கண்ணியமான ஒரு மனிதர் வெளிப்படும்போது, கேட்டது ஒன்று கண்டது ஒன்று என்பதைக் கூட்டம் தானே உணர்ந்துகொள்ளும்.

அவருக்குக் கரி பூசாதீர்கள். ஐரோப்பிய மேடைகளில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் சாயம் பூசியே நெடுங்காலம் இவ்வேடத்தைக் கட்டினார்கள். ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்ற கறுப்பின நடிகர் 1833இல் லண்டன் கோவன்ட் கார்டனில் நடித்ததும், 1943இல் தொடங்கி நியூயார்க்கில் பால் ரோப்சன் 296 முறை நடித்ததும் அந்த வழக்கத்தை உலுக்கின. நடிப்பவரும் பார்ப்பவரும் கறுப்பும் மாநிறமுமாக இருக்கும் நம் திடலில் தோலின் நிறம் அயலானைக் காட்டவும் காட்டாது. பேச்சு காட்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தமிழைப் பிற்பாடு கற்றவர்கள், தவறு வந்துவிடக் கூடாதென்று சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். அதைக் கேட்டு நமுட்டுச் சிரிப்புச் சிரிப்பவர்களையும் கண்டிருக்கிறோம். மற்றவர்கள் எல்லாரும் நம் மாவட்டப் பேச்சில் பேச, ஒத்தெல்லோ ஒருவர் மட்டும் பிழையற்ற எழுத்துத் தமிழில் பேசட்டும். ஏழு வயது முதல் போர்க்களமே கதியென்று வாழ்ந்ததால் தமக்கு நயமாகப் பேச வராது என்று சபையில் சொல்லிக்கொள்பவர் அவர். ஆனால் நாடகத்திலேயே மிக அழகாகப் பேசுபவரும் அவர்தாம். நான்காம் அங்கத்தில் அந்த மொழி துண்டு துண்டாக உடைந்து அவர் மயங்கி விழும் இடத்தில், எழுத்துத் தமிழும் சிதறிப்போக வேண்டும்.

டெஸ்டிமோனாவின் தந்தை பிரபான்ஷியோவின் காட்சியைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒத்தெல்லோவைப் பலமுறை வீட்டுக்கு அழைத்து விருந்திட்டு, அவருடைய போர்க்கதைகளை ஆசையோடு கேட்டவர், மகள் அவரையே மணந்துகொண்டாள் என்றதும் மாந்திரீகம் செய்துவிட்டான் என்று வழக்குரைக்கிறார். சோறு போடலாம், பெண் கொடுக்கக் கூடாது என்ற கணக்கு நம் மாவட்டத்துக் கூட்டத்துக்கு விளக்கவேண்டிய ஒன்றல்ல. மொழிபெயர்ப்பில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: மூலத்தில் தந்தை ஒத்தெல்லோவை ஒருமையில் ஏசுகிறார், போருக்கு அவர் தேவைப்படும் வெனிஸ் கோமகனோ மதிப்போடு விளிக்கிறார். ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாடு நம்மிடம் உயிரோடு இருப்பதால், இன்றைய ஆங்கில மேடையில் மங்கிப்போன அந்தக் குத்தலை நாம் முழுமையாக உணர்த்த முடியும்.

ஒத்திகை நாட்களில் பாதியை மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சிக்கே ஒதுக்குங்கள். மனைவிமீது முழு நம்பிக்கையோடு தொடங்கும் ஒத்தெல்லோ, பழிவாங்கச் சபதம் செய்து மண்டியிடுவதில் முடிப்பது இந்த ஒரே காட்சிக்குள் நடக்கிறது. இயாகோ இதில் எதையும் வெளிப்படையாகக் குற்றம் சாட்டித் தொடங்குவதில்லை. டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டுக் காசியோ விலகிப் போவதைக் கண்டு, ‘இது எனக்குப் பிடிக்கவில்லை’ என்று முனகுகிறான். என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்கிறான். ‘காசியோ நேர்மையானவன்தானே?’ என்றால் ‘நேர்மையா, ஐயா?’ என்று கேள்வியையே திருப்பித் தருகிறான். பொறாமை கொள்ளாதீர்கள் என்று எச்சரிப்பவனும் அவனே. நடிகர் இங்கே குரலைத் தாழ்த்தி, பதிலுக்கு முன் ஒரு மூச்சு தாமதிக்கவேண்டும். மத்தளமும் ஆர்மோனியமும் காட்சி முடியும் வரை வாய் திறக்கக் கூடாது. எங்கள் முதல் ஒத்திகையில் பின்பாட்டுக்காரர் ஆர்வத்தில் ஒரு விருத்தத்தைச் சேர்த்துவிட, நஞ்சு முழுவதும் இசையில் கரைந்துபோனது.

காட்சியின் திருப்பம், வெனிஸ் பெண்களின் போக்கு எனக்குத் தெரியும் என்று இயாகோ சொல்லும் இடம். உள்ளூர்க்காரன் அயலானிடம் சொல்லும் வார்த்தை அது; மறுக்க ஒத்தெல்லோவிடம் உள்ளூர் அறிவு இல்லை. சற்று நேரத்தில் அவர் தம் நிறத்தையும் வயதையும் நயமற்ற பேச்சையும் தாமே குறையாக எண்ணிப் பார்க்கத் தொடங்குகிறார். இயாகோ அப்போது மேடையிலேயே இல்லை என்பதைக் கவனித்தால், இக்காட்சியை எப்படி நடிக்கவேண்டும் என்பது விளங்கிவிடும்.

ஒத்தெல்லோ டெஸ்டிமோனாவுக்குக் கொடுத்த, இயாகோ அவள்மீது பழிசுமத்தக் காசியோவின் அறையில் போட்டுவைக்கும் கைக்குட்டைக்கு வருவோம். சிவந்த பழப்புள்ளிகள் தைத்த கைக்குட்டை என்பது மூலம். கையகலத் துணி பத்தாவது வரிசைக்கே தெரியாது என்பதால், துண்டளவு வெண்பட்டில் பெரிய சிவப்புப் புள்ளிகள் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பட்டு புனிதமான புழுக்கள் நூற்றது என்று ஒத்தெல்லோ சொல்லும் வரியைப் பல குழுக்கள் நீக்கிவிடுகின்றன. தயவுசெய்து நீக்காதீர்கள். வீட்டில் புழு வளர்த்து, பட்டுக்கூட்டை மூட்டை கட்டித் தருமபுரி அங்காடிக்குக் கொண்டுசெல்லும் குடும்பங்கள் முன்வரிசையில் இருக்கும்போது, அந்த வரிக்கு லண்டனில் கிடைக்காத கவனம் இங்கே கிடைக்கும். எகிப்தியப் பெண்ணொருத்தி தம் தாய்க்குக் கொடுத்தது என்று அப்போது சொல்லும் அவர், கடைசி அங்கத்தில் தந்தை தாய்க்குக் கொடுத்தது என்கிறார். இந்த முரணைத் திருத்தாமல் விட்டுவிடுங்கள்.

இடைவேளையை இரண்டாம் அங்கத்தின் குடிபோதைச் சண்டைக்குப் பின் வையுங்கள். அதன்பின் எங்கும் நிறுத்தாதீர்கள். சைப்ரஸில் எல்லாம் இரண்டொரு இரவுக்குள் முடிந்துவிடுவதாகவே கதை ஓடுகிறது, யோசிக்க நேரம் கொடுத்தால் கூட்டம் கேள்வி கேட்கத் தொடங்கிவிடும். டெஸ்டிமோனா படுக்கைக்குமுன் பாடும் பாட்டு 1622ஆம் ஆண்டுப் பதிப்பில் இல்லை, 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில் உண்டு; நேரம் போதாவிட்டாலும் அதை வைத்துக்கொண்டு, பக்கவாத்தியம் இல்லாமல் தாலாட்டு மெட்டில் பாடச் செய்யுங்கள். கொலைக் காட்சியின் விளக்குக்கு மெழுகுவத்தி உதவாது, திடலின் காற்றில் முன்னதாகவே அணைந்துவிடும்; அரிக்கேன் விளக்கு பிடியுங்கள்.

கைக்குட்டையை எடுத்து இயாகோவிடம் கொடுத்ததும், தலைவி தேடித் தவிக்கும்போது தெரியாது என்று சொன்னதும் எமிலியா. அவளே இறுதியில் கணவன் வாளை உருவிய பின்னும் வாயை மூடாமல் உண்மையைச் சொல்லிச் சாகிறாள். குழுவில் மிகச் சிறந்த நடிகைக்கு இவ்வேடத்தைக் கொடுங்கள்.

எஞ்சியிருப்பது மங்களம். பிடிபட்ட இயாகோ, இனி ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்கிறான். இரவெல்லாம் கூட்டத்தோடு பேசிக்கொண்டிருந்த கட்டியங்காரன் கைகட்டப்பட்டு, எதிரே இருப்பவர்களைப் பார்த்தபடி வாய்மூடி நிற்க, மற்ற வேடங்கள் மட்டும் அவனைச் சேர்க்காமல் மங்களம் பாடி முடிக்கட்டும்.