வைக்கிங் படகுல தண்ணி கசிஞ்சதை எப்படி நிறுத்தினேன்

டென்மார்க்ல ரோஸ்கில்ட் ஃபியோர்டுல (நிலத்துக்குள்ள நீளமா புகுந்திருக்கிற கடல்) இருந்து 1962ல அஞ்சு வைக்கிங் (அந்தக் கால வட ஐரோப்பியக் கடலோடிகள்) கப்பலைத் தோண்டி எடுத்தாங்கல்ல, அந்த பாணியில நாங்க நாலு பேர் சேர்ந்து ஓக் மரத்துல ஒரு சின்ன படகு கட்டியிருந்தோம். குளிர்காலம் முழுக்க கரையில கிடந்துச்சு, தண்ணில இறக்கினதும் ஒரே கசிவு. பயப்படாதீங்க, காஞ்ச பலகை தண்ணி குடிச்சு ஊதி தானா அடைச்சுக்கும், ரெண்டு நாள் அப்படியே விட்டோம், பெரும்பாலும் நின்னுடுச்சு.

ஆனா முன்பக்கம் மூணாவது பலகை இணைப்புல மட்டும் விடாம சொட்டிட்டே இருந்துச்சு. விரலால அழுத்தினா ஒரு ரிவெட் (பலகைகளைச் சேர்த்துப் பிடிக்கிற ஆணி) லேசா ஆடுது! இந்த படகுல பலகை ஒன்னு மேல ஒன்னு ஏறி உக்காரும், நடுவுல தார்ல ஊறின ஆட்டு ரோமக் கயிறு இருக்கும், அதனால வெளிய எதையாவது பூசுறது வேஸ்ட். கரையேத்தி, பக்கத்து மூணு ரிவெட்டையும் சேர்த்து வெட்டி எடுத்துட்டு, நசுங்கிப்போன பழைய ரோமத்தைச் சுரண்டி, பைன் தார்ல முக்கின புதுக் கயிறு வச்சேன். நண்பர் வெளியில இருந்து கனமான இரும்பை ஆணித்தலையில முட்டுக்கொடுத்துப் பிடிக்க, நான் உள்ள சதுர வாஷரை மாட்டி ஆணி முனையைத் தட்டித் தட்டி மடக்கினேன். மெதுவா தட்டணும், அவசரப்பட்டா ஓக் பிளந்துடும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை நல்ல காத்துல பாய் விரிச்சு ஃபியோர்டுக்குள்ள போனோம், அந்த இடத்துல கை வச்சுப் பார்த்தேன், காஞ்சே இருந்துச்சு.