மூளைக் கலத்தின் வாசலை வீட்டிலிருந்தே படிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் உயிரியல் படிக்கிற தம்பி, தங்கச்சிமாரே, மூளைக் கலங்களின் வாசல்களாக நிற்கும் மென்சவ்வுப் புரதங்களைப் பார்த்துப் பழகப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம், ஓரளவு இணையம் வரும் மடிக்கணினி போதும். புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேர்த்துவைத்திருக்கும் புரோட்டீன் டேட்டா பாங்க் தளம் இலவசம், உலாவியிலேயே புரதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

முதலில் கேசிஎஸ்ஏ (KcsA) என்று தேடி, 1998ஆம் ஆண்டுப் பதிவை எடுங்கள். இது பக்றீரியாவின் பொற்றாசியக் கால்வாய்தான், அதாவது மென்சவ்வைக் கடந்து பொற்றாசிய அயன்கள் போகும் வழி, ஆனால் நம் நரம்புக் கலங்களின் பொற்றாசியக் கால்வாய்களிலும் எந்த அயன் போகலாம் என்று தெரிவுசெய்யும் இதே வகை வடிகட்டிதான் இருக்கிறது. இதன் வடிவத்தைக் கண்டறிந்த விஞ்ஞானி ரொடெரிக் மக்கினனுக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்ததும் இந்த வேலைக்குத்தான்.

இந்தக் கால்வாயின் நான்கு புரதச் சங்கிலிகளில் எதிரெதிரான இரண்டை மறைத்துவிடுங்கள், நடுவில் ஒடுங்கிய வடிகட்டி தெரியும். இங்கே அவசரப்படாதீர்கள். சோடியம் அயன் பொற்றாசியத்தைவிடச் சிறியது, அப்படியென்றால் அது இன்னும் சுலபமாகப் போகவேண்டுமே? போகாது. உள்ளே நுழைய அயன் தன்னைச் சுற்றியுள்ள நீரைக் கழற்ற வேண்டும், அந்த நீரின் இடத்தைப் பிடிக்க வடிகட்டியின் ஒட்சிசன் அணுக்கள் பொற்றாசியத்துக்குப் பொருத்தமான தூரத்தில் நிற்கின்றன, சின்னச் சோடியத்தை அவை அப்படி அணைத்துப் பிடிக்க முடியாது. இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

மென்சவ்வு படத்தில் இருக்காது. நீர்வெறுக்கும் அமினோ அமிலங்களுக்குத் தனி நிறம் கொடுங்கள், மென்சவ்வு இருந்த இடம் ஒரு பட்டைபோலத் தெரியும்.

சரி, அப்புறம் காபா-ஏ வாங்கிக்குப் போங்கள், காபா என்ற மூளை இரசாயனம் வந்து ஒட்டும் புரதம் அது: ஐந்து உபஅலகுகள், நடுவில் குளோரைட்டு செல்லும் வழி. டயசெபாம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்து ஒட்டிய வடிவமும் அங்கே இருக்கிறது, அல்பா, காமா என்ற உபஅலகுகளுக்கு இடையில் தேடுங்கள்.