ஹேண்டிலை விடுவிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பெங்களூரு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி எழுதிய விண்டோஸ் நிரலைப் போன வாரம் படித்தேன். வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த அதே தவறு, அதே இடத்தில். பகீரென்றது. ஹேண்டில் என்பது படம், சாளரம் போன்றவற்றுக்கு விண்டோஸ் நம் நிரலிடம் தரும் அடையாள எண். வேலை முடிந்ததும் விடுவிக்க வேண்டும்.

விடுவிக்க மறப்பது

ஜிடிஐ என்பது விண்டோஸின் வரையும் பகுதி. ஒரு ப்ராசஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கு, வழக்கமான வரம்பு 10,000 ஜிடிஐ ஆப்ஜெக்ட். டாஸ்க் மேனேஜரில் அந்த எண்ணிக்கையைக் காட்டும் நெடுவரிசையைப் போட்டுப் பாருங்கள். எண் இறங்காமல் ஏறினால் கசிவுதான்: எடுத்ததை எங்கோ விடுவிக்கவில்லை.

விடுவித்த எண்ணைக் கையிலேயே வைத்திருப்பது

பீன்யாவில் ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரங்களின் நிலையைக் காட்டும் திரை செய்தோம். நொடிக்கு ஒருமுறை ஐகானை எடுத்து வரையும். ஐகானின் விவரம் தரும் கெட்ஐகான்இன்ஃபோ ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் இரண்டு பிட்மேப் (படம்) உருவாக்கித் தரும்; அழிப்பது நம் பொறுப்பு. நான் அழிக்கவில்லை. 5,000 நொடியில் வரம்பு தீர்ந்துவிடும். காலை 9 மணிக்கு ஓடவிட்டால் 10:20 வாக்கில் திரை குலைந்துபோகும்.

காரணம் தெரிந்ததும் பதற்றத்தில் கண்ட இடமெல்லாம் அழிக்கும் ஃபங்ஷனான டெலீட்ஆப்ஜெக்டைப் போட்டேன். வரைந்து முடித்ததும் ஒன்று, அந்தச் சாளரத்தை மூடும்போது அதே எண்ணுக்கு இன்னொன்று. கசிவு நின்றது. நாலாம் நாள் சூப்பர்வைசர் போன் செய்தார்: "சார், மெஷின் நின்னுடுச்சு, சிவப்பு விளக்கு வரவே இல்ல."

நடந்தது இதுதான். முதல் அழிப்போடு அந்த எண் என்னுடையது இல்லை. விண்டோஸ் பிறகு அதைத் திரையில் வரும் சிவப்பு எச்சரிக்கை விளக்கின் பிட்மேப்புக்குக் கொடுத்துவிட்டது. என் இரண்டாவது அழிப்பு அதைக் காலி செய்தது. பழைய எண் உடனே திரும்பி வராது. அதுவரை இரண்டாவது அழிப்பு சத்தமில்லாமல் தோற்றுப்போகும். அதனால்தான் அரைமணி நேரச் சோதனையில் இது சிக்கவே சிக்காது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சலாக வருகிறது, ஏனென்றால் ஒரு வரியில் தடுத்திருக்கலாம்: அழித்த கையோடு மாறியைப் பூஜ்யமாக்குவது. அப்புறம், ஒரு ஹேண்டிலுக்கு ஒரே சொந்தக்காரர்தான். சி++ என்றால் நகலெடுக்க முடியாத ஒரு வகுப்புக்குள் வைத்துவிடுங்கள். அழிப்பது அதன் வேலை.

ஜோடி மாற்றுவது

வரைவதற்கான இடத்தை விண்டோஸ் டிசி என்கிறது. அதை எந்த ஃபங்ஷனால் வாங்கினோமோ அதற்குரிய ஜோடியால்தான் விடுவிக்க வேண்டும். கெட்டிசிக்கு ரிலீஸ்டிசி. கிரியேட்கம்பாட்டிபிள்டிசிக்கு டெலீட்டிசி.

இஸ்விண்டோவை நம்புவது

ஒரு சாளரம் இன்னும் இருக்கிறதா என்று சொல்லும் ஃபங்ஷன் இது. நம்ப வேண்டாம். சாளர எண்ணும் மறுபடி புழக்கத்துக்கு வரும். "இருக்கிறது" என்று அது சொல்வது வேறொரு சாளரமாக இருக்கலாம்.

சரி, தம்பியின் நிரலுக்கு வருவோம். ஒரே பிட்மேப்பின் எண் மூன்று வகுப்புகளில் கிடந்தது. உட்கார்ந்து இரண்டை எடுத்துவிட்டோம்.