தலை நிற்காத பிள்ளையைக் காரில் கூட்டிப் போவது

என் மகனுக்கு செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் தசைகள் கட்டுப்பாட்டில் இல்லாத நிலை), ரெண்டரை வயசாகியும் கழுத்து நிற்காது. அம்பாசமுத்திரத்தில் இருந்து பாளையங்கோட்டைக்கு பிசியோதெரபிக்குப் போகும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் தலை நெஞ்சில் விழுந்து மூச்சு கொர்கொர் என்று கேட்கும். "ஏல, பேசாம மடியில வச்சுக்கிட வேண்டியதுதான" என்றாள் ஆச்சி. சடன் பிரேக் அடித்தால் எந்தக் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது, அதனால் அதை விட்டுவிட்டேன்.

பின்சீட்டில், பிள்ளைகளுக்கென்று தனியாக வரும் கார் சீட்டைப் பின்பக்கம் பார்த்த மாதிரி திருப்பி மாட்டினேன், இவன் எடைக்கும் உயரத்துக்கும் அப்படி வைக்கலாம் என்று அதன் லேபிளிலேயே போட்டிருக்கிறது. லேபிளில் காட்டிய அளவுக்குச் சாய்த்ததுமே தலை முன்னால் விழுவது பெரும்பாலும் நின்றது.

பக்கவாட்டில் சரிவதற்கு, முதலில் பெல்ட்டை இறுக்கி மாட்டிவிட்டு (தோளில் வார் விரல்களுக்கு நடுவே கிள்ள வராத அளவுக்கு), அப்புறம் ரெண்டு சின்னத் துண்டுகளைச் சுருட்டி தலைக்கு இருபுறமும் செருகினேன். முதுகுக்குப் பின்னால், அடியில் எதுவும் கூடாது. மோதினால் அது அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். இடுப்பு வழுக்கியதற்கு, கால்நடுவே வரும் வாருக்கும் அவனுக்கும் இடையில் துணிச்சுருள் ஒன்று.

நெற்றியில் துணி கட்டி சீட்டோடு இழுத்துவைக்கும் யோசனை சிலர் சொல்வார்கள், செய்யவே செய்யாதீர்கள், உடம்பு முன்னால் போய் தலை மட்டும் நின்றால் கழுத்து என்னாகும்?

சளி உறிஞ்சும் மெஷினைத் தரையில் வைத்து பட்டை போட்டுக் கட்டிவிடுகிறேன். அவன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சைப் பார்த்துக்கொள்வாள், சேரன்மகாதேவியில் ஒரு டீக்கு நிறுத்துவோம்.